வெயில்காரர்களின் படகோட்டி

உடை விஷயத்தில் சராந்திஸைப் போல ஒழுக்கமான மனிதரை எங்கள் கடற்கரை கண்டதில்லை. ஆகஸ்ட் மாத நண்பகலிலும் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். படகின் கயிறு சுழலியில் சிக்கி, கடலில் இறங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் பனியனோடு இறங்குவார். காலுறையைக் கழற்றலாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசிப்பார். அவருடைய முழங்கால் எப்படி இருக்கும் என்பது குறித்து ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. அவருடைய மனைவி கல்லியோப்பி இரண்டிலும் சேராமல் நடுநிலை வகிக்கிறார்.

இப்பேர்ப்பட்டவர் இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்துவரும் தொழில், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் குளிக்க விரும்பும் வெளிநாட்டவரைக் கண்காணாத கரைகளில் கொண்டுபோய் இறக்குவது.

கிரீட் தீவின் தெற்குக் கரையில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. இறங்குகிற இடங்களில் ஆங்காங்கே மனம் மாறிக் கொஞ்சம் கூழாங்கல்லை விட்டுவைக்கிறது. அப்படிப்பட்ட குடாக்களுக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது ஆட்டுப் பாதையில் ஆடு மாதிரி போகலாம். ஆகவே அவை வெயில்காரர்களுக்கு உரியவை. வெயில்காரர்கள் என்பது எங்கள் ஊர் வைத்த பெயர். வேறு பெயர் வைத்தால் அந்தப் பெயரைக் குழந்தைகள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் ஒழுக்கமான ஊர். வெயில்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறது, அவர்களுக்குப் பிடித்த கறுப்பு ரொட்டியைச் சுடுகிறது, முதுகு வெந்து வருகிறவர்களுக்குத் தயிர் விற்கிறது. ஆனால் அவர்கள் இருப்பது ஊருக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஊராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது: ‘உடையின்றிக் குளிக்கத் தடை.’ நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. டீசல் மிதக்கும் அந்தத் துறைமுகத்தில் அதற்கு முன் யாரும் உடையோடுகூடக் குளித்ததில்லை. பலகை வைத்த பிறகு, இந்தப் பக்கம் எங்கோ நல்ல இடம் இருக்கிறதென்று புரிந்துகொண்டு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். ஊராட்சித் தலைவர் இதைத் தன் சாதனையாகத் தேர்தலில் சொல்லிக்கொள்ள முடியாமல் தவித்தார்.

சராந்திஸின் திறமை, ஒரு குடா ஆளில்லாமல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் இருந்தது. கரை வெறுமையாகத் தெரிவதால் வெறுமை என்று நம்புகிறவர் அல்லர் அவர். ஆட்டு மணி கேட்டால் மேய்ப்பன் இருப்பான். மேய்ப்பன் இருந்தால் அவனிடம் தொலைநோக்கி இருக்கும், ஓநாய்க்காக என்பான், எங்கள் தீவில் ஓநாயே கிடையாது. மே மாதம் பாறை இடுக்குகளில் காட்டுக் கீரை பறிக்கும் பெண்கள் குனிந்திருப்பார்கள், கடலிலிருந்து பார்த்தால் கறுப்புப் பாறை போலத் தெரிவார்கள். பிறகு திடீரென்று அந்தப் பாறை சிலுவைக் குறி போட்டுக்கொள்ளும்.

ஆகவே அவர் ஒரு வழி வைத்திருந்தார். குடாவின் முனையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஈரடிப் பாட்டு ஒன்றை உரக்கப் பாடுவார்.

“உப்புக் காத்தே, ஊருக்குள்ளே போய்ச் சொல்லு,
ஒத்தையா ஒருத்தன் நிக்கிறான், துணை இந்தக் கல்லு!”

எங்கள் தீவில் ஒருவன் ஈரடி பாடினால், காது எட்டும் தூரத்தில் இருக்கிறவன் பதிலுக்கு ஈரடி பாடாமல் இருக்க முடியாது. ஒளிந்திருந்தாலும் சரி, திருட வந்திருந்தாலும் சரி, பதில் வாயில் ஊறிவிடும். ஒருமுறை, சத்தமே இல்லாத ஒரு குடாவில், மேலே எங்கோ ஒரு புதருக்குள்ளிருந்து பதில் வந்தது:

“கல்லுக்கும் காது வலிக்குதாம், கொஞ்சம் நிறுத்திட்டு நில்லு,
கடலைத் தாண்டி லிபியா இருக்கு, அவன்கிட்டப் போய்ச் சொல்லு!”

சராந்திஸ் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டு, பயணிகளை அடுத்த குடாவுக்குக் கொண்டுபோனார். பதில் வராத இடத்தில் மட்டுமே இறக்குவார். இறக்கும்போது அவர் முகம் கடலைப் பார்த்திருக்கும். மாலையில் கூட்டிவரும்போது முனைக்கு அந்தப் பக்கமே நின்று சங்கை ஒருமுறை ஊதுவார். உடுத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஒரு சிகரெட் தீரும் வரை காத்திருந்து பிறகுதான் முனையைத் திரும்புவார். இத்தனை வருடங்களில் தன் பயணிகளை அவர் தொப்பியைக் கொண்டு மட்டுமே அடையாளம் தெரிந்துவைத்திருந்தார்.

இந்தத் தூய வாழ்க்கைக்கு ஊர் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அவருடைய படகில் திருப்படம் ஏறக் கூடாது என்று முடிவு செய்ததுதான்.

ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாள் வரும், பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே ஞாயிறு எங்கள் ஊரின் பெரிய நாள். திரித்துவக் குடா என்று ஒரு குடா இருக்கிறது. அங்கே கட்டில் அளவுக்கு ஒரு வெள்ளைச் சிற்றாலயம். அந்த ஞாயிறு காலை, ஊர்க் கோவிலிலிருந்து திரித்துவத் திருப்படத்தை ஒரு படகில் ஏற்றி, மற்றப் படகுகள் பின்தொடர, அங்கே கொண்டுபோய் வழிபாடு நடத்தி, சாப்பிட்டு, மாலையில் அதே படகில் திரும்பக் கொண்டுவருவோம். எந்தப் படகு என்று பாதிரியார்தான் சொல்வார். சராந்திஸின் அப்பா காலத்தில் அது இந்தப் படகாகவே இருந்தது. சராந்திஸ் வெயில்காரர்களை ஏற்றத் தொடங்கியதும் பாதிரியார் சகரியாஸ் அதை மனூசோஸின் மீன் படகுக்கு மாற்றினார்.

“நான் ஒருத்தரையும் அப்படி ஏத்தலை சாமி” என்று சராந்திஸ் வருடாவருடம் வாதாடுவார். “ஏறும்போதும் துணி, இறங்கும்போதும் துணி. நடுவுல நடக்கிறது கரையில. கரை என்னுது இல்லை, அரசாங்கத்துது.”

“அவங்க உட்கார்ந்த பலகையில திரித்துவத்தை வைக்கச் சொல்றியா?”

“மனூசோஸ் பலகையில கணவாய் மீனு உட்காருது. அதுவும் துணியில்லாமத்தான்.”

கணவாய் குறித்துத் திருச்சபை இதுவரை எதுவும் அறிவிக்கவில்லை.

சராந்திஸ் இதைச் சிரித்துக்கொண்டே தாங்கினார். கல்லியோப்பியால் முடியவில்லை. ஒவ்வொரு பெந்தெகொஸ்தேயன்றும் மனூசோஸின் மனைவி படகின் முனையில் தூபக்கலசத்தோடு நிற்பார். கல்லியோப்பி பின்னால் வரும் படகில் வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஓர் இரவு கேட்டுவிட்டார்.

“இன்னும் எத்தனை வருஷம் நான் அண்டாவோட போகணும் சராந்திஸ்?”

“அண்டா கெட்ட சகவாசம் இல்லையேடி.”

“சிரி. நான் செத்தா என்னையும் மனூசோஸ் படகுல ஏத்தி அனுப்பு. அதுக்கும் நம்ம படகு வேண்டாம்னு சாமி சொல்லிடுவாரு.”

அந்த இரவு சராந்திஸ் சிரிக்கவில்லை என்று அவரே பின்னால் சொன்னார்.

அப்போதுதான் ஆயர் வருகிறார் என்ற செய்தி வந்தது. எங்கள் மறைமாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர், பருத்தவர், வெயில் ஆகாதவர். பெந்தெகொஸ்தே வழிபாட்டைத் திரித்துவக் குடாவில் தானே நடத்த விரும்புவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். துறைமுகத்தில் இருந்த படகுகளில் நிழல்துணி கட்டிய படகு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளைத்தோல் வெயில்காரர்கள் போகிற வழியிலேயே வெந்துவிடக் கூடாதே என்று சராந்திஸ் கட்டியது அது. ஆக, ஆயரின் வழுக்கையைக் காப்பாற்றும் பொருட்டு, பாதிரியார் சகரியாஸ் சராந்திஸின் வீட்டுக்குத் தானே நடந்து வந்தார்.

“திருப்படம் உன் படகுல வரும்” என்றார், பல் பிடுங்கக் கொடுப்பவர் போல. “ஆனா ஒண்ணு. அன்னைக்கு அந்த ஆளுங்க ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது. ஒரே ஒரு வெறுங்குதிகால் தெரிஞ்சுதுன்னு வச்சுக்கோ, திரும்பி வரும்போது படம் மனூசோஸ் படகுல வரும். அதோட உனக்கு முடிஞ்சது. உன் காலத்துக்கும்.”

“ஒரு குதிகாலும் தெரியாது சாமி” என்றார் சராந்திஸ். கல்லியோப்பி அன்றே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தார்.

சராந்திஸ் நேராக கெர்லிண்டேயிடம் போனார். கெர்லிண்டே ஜெர்மனியில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடாவருடம் மே மாதமே வந்துவிடுவார். வெயில்காரர்களுக்கு அவர்தான் தலைவர். எங்கள் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவர் ஆகையால், மளிகைக் கடையில் தக்காளி கேட்டால்கூடத் தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும்.

“அம்மா, பெந்தெகொஸ்தே ஞாயித்துக்கிழமை திரித்துவக் குடா பக்கம் யாரும் போயிடாதீங்க. படகும் ஓடாது. மொத்த ஊரும் அங்க வருது. என் மானமே உங்க கையில இருக்கு.”

“கேப்டன், நான் உறுதி அளிக்கிறேன். பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கிழமை எங்களில் எவரும் அக்குடாவில் கால் வைக்கமாட்டோம். மேலும், உங்கள் திருநாளுக்கு மரியாதை செலுத்தும் விதமாக அன்று முழுவதும் ஆடை அணிந்திருப்போம்.”

“முழுசாவா?”

“காலுறை உட்பட.”

காலுறை என்றதும் சராந்திஸ் நெகிழ்ந்துபோனார். அது அவருடைய இதயத்துக்கு நெருக்கமான விஷயம்.

கெர்லிண்டே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு ஞாயிறு காலை, வெயில்காரர்கள் அத்தனை பேரும் துறைமுகத்துக் காப்பிக்கடையில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்கள். பெண்கள் கம்பளி மேல்சட்டை போட்டிருந்தார்கள். எல்லோரும் செருப்புக்குள் காலுறை அணிந்திருந்தார்கள். ஜூன் வெயிலில் வியர்வை ஒழுக, அசையாமல், மரியாதையோடு உட்கார்ந்திருந்தார்கள். காப்பிக்கடைக்காரர் யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்து இலவசமாக பிராந்தி கொடுத்தார்.

விஷயம் இதுதான்: அவர்களுடைய நாட்டுத் திருச்சபைக் கணக்கில் பெந்தெகொஸ்தே அன்றுதான். எங்களுக்கு அடுத்த ஞாயிறு. ஈஸ்டரை அவர்கள் ஒரு கணக்கில் பிடிக்கிறார்கள், நாங்கள் ஒரு கணக்கில் பிடிக்கிறோம். ஐம்பதாம் நாளும் அதோடு தள்ளிப்போகிறது. இது படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரைப் பொறுத்தவரை உலகத்துக்கு ஒரே நாள்காட்டிதான், அது ரொட்டிக்கடைச் சுவரில் தொங்குகிறது. ஜெர்மன்காரர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே முடித்துவிடும் பழக்கம் உண்டென்று தெரியும். பரிசுத்த ஆவியையும் ஒரு வாரம் முன்னதாகவே இறக்கிவிடுவார்கள் என்று யார் கண்டது?

சராந்திஸ் அப்போது கரையேற்றிய படகுக்கு அடியில் படுத்துத் திருப்படத்துக்காக வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். கெர்லிண்டே குனிந்து, “கேப்டன், வாக்கு நிறைவேற்றப்பட்டது” என்றார். வாயில் தூரிகையைக் கடித்திருந்த சராந்திஸ் காலுறையைப் பார்த்தார், ஒத்திகை பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு விடிந்தது. எங்கள் பெந்தெகொஸ்தே.

சராந்திஸின் படகு நீலமும் வெள்ளையுமாக ஜொலித்தது. முனையில் புது உடையில் கல்லியோப்பி, கையில் தூபக்கலசம். நிழல்துணிக்கு அடியில் ஆயர். அவர் எதிரில் திருப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு பாதிரியார் சகரியாஸ். பின்னால் மற்றப் படகுகள். அண்டாவுக்குப் பக்கத்தில், இருபது வருடங்களில் முதல்முறையாக, மனூசோஸின் மனைவி. கல்லியோப்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே எப்படிப் பார்ப்பதென்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

திரித்துவக் குடாவின் முனை நெருங்கியது. சராந்திஸின் கண் பழக்கத்தால் பாறைகளை ஒருமுறை மேய்ந்தது. ஒரு பாறையின் மேல், பச்சை ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தொப்பியை அவருக்குத் தெரியும். அதன் கீழே வழக்கமாக யார் இருப்பார் என்றும் தெரியும். தன் கடமையைப் போன வாரமே முடித்துவிட்ட நிம்மதியில், படகு இல்லாவிட்டால் என்ன என்று, கெர்லிண்டே தன் படையோடு ஆட்டுப் பாதையில் நடந்தே வந்துவிட்டார்.

சராந்திஸ் சங்கை எடுத்து நெஞ்சு வெடிக்க ஊதினார்.

பாதிரியார் திடுக்கிட்டார். “என்னப்பா இது?”

“மரியாதைக்கு, சாமி.”

“நல்ல வழக்கமா இருக்கே” என்றார் ஆயர். “இன்னொரு தடவை ஊதுங்க கேப்டன்.”

சராந்திஸ் இன்னும் பலமாக ஊதினார். மலை திருப்பி ஊதியது. முனைக்கு அந்தப் பக்கம் நீரில் நின்றிருந்த வெயில்காரர்களுக்குச் சங்கின் அர்த்தம் தெளிவாகத்தான் தெரிந்தது. உடுத்த வேண்டும். ஆனால் உடைகள், அவர்களுக்கே உரிய ஒழுங்கோடு மடிக்கப்பட்டு, சிற்றாலயத்துக்குப் பின்னாலிருந்த சவுக்கு மரங்களின் அடியில் இருந்தன. ஒரு சிகரெட் தீரும் நேரம் இருக்கும் என்று நம்பி, பாதிப் பேர் தங்கள் தொப்பியைத் தேடத் தொடங்கினார்கள். இந்த முறை படகு சிகரெட்டுக்கு நிற்கவில்லை. ஆயரோடு வந்த படகு நிற்க முடியாது. முனை திரும்பியபோது அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கழுத்து வரை நீரில் உட்கார்ந்தார்கள்.

ஊர் மொத்தமும் கரை இறங்கியது. குடாவின் ஓரத்தில் நீர்மட்டத்தில் தொப்பிகள் வரிசையாக நின்றன. பெண்கள் மேசைவிரிப்புகளை உதறினார்கள். ஆண்கள் மலையின் அழகைப் பார்த்தார்கள். பாதிரியார் சராந்திஸின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

“அது என்ன?”

“தொப்பி, சாமி.”

“தொப்பிக்குக் கீழ?”

“தலை.”

“தலைக்குக் கீழ?”

“கடல், சாமி.”

“கடலுக்குள்ள?”

“அங்க எனக்கு அதிகாரம் இல்லை சாமி.”

“சாயங்காலம் மனூசோஸைப் படகை முன்னால கொண்டுவரச் சொல்றேன்” என்றார் பாதிரியார். “நீ சொன்ன வாக்கு, நான் சொன்ன வாக்கு.”

“இன்னும் குதிகால் தெரியலையே?”

“தெரியாம இருந்திடுமா? எத்தனை நேரம் உட்காருவாங்க? மீனா அவங்க?”

மனூசோஸ் சராந்திஸைக் கடந்து போகையில், “படகுக்கு நல்லாத்தான்டா பெயிண்ட் அடிச்சிருக்கே. வரும்போதுகூட நான் பார்த்துக்கிட்டே வருவேன், பின்னால இருந்து இல்லை, முன்னால இருந்து” என்றார். கல்லியோப்பி தூபக்கலசத்தைச் சற்று வேகமாக ஆட்டினார். மனூசோஸின் மீசை ஓரத்தில் கொஞ்சம் புகை வந்தது.

வழிபாடு தொடங்கியது. சிற்றாலயத்துக்குள் நான்கு பேர் நிற்கலாம், ஆயரின் அளவுக்கு மூன்று. மற்ற எல்லோரும் வெளியே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம். எங்கள் வழிபாடு சுருக்கமானது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஜூன் மாதக் கடல் மேலே வெயிலாக இருந்தாலும் உள்ளே பனிதான். தொப்பிகளில் ஒன்று நடுங்கத் தொடங்கியது. அது ஹாலந்துப் பல் வைத்தியருடையது, எழுபதைத் தாண்டியவர்.

நடுவில் ஆயர் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தார். “அங்க நிக்கிறவங்க யாரு?”

“வெளிநாட்டுக்காரங்க, ஆண்டவரே” என்றார் பாதிரியார். “வைத்தியக் குளியல்.”

“இவ்வளவு நேரமாவா?”

“டாக்டர் அப்படிச் சொல்லியிருக்காராம்.”

“கரைக்கு வரச் சொல்லுங்க, படத்துக்கு முத்தம் குடுக்கட்டும்.”

“வரக் கூடாதுன்னும் டாக்டர் சொல்லியிருக்காரு, ஆண்டவரே.”

திருநாளன்று, திருவுடையில், தன் ஆயரிடம் எங்கள் பாதிரியார் சொன்ன அந்தப் பொய்யை ஊர் இன்றுவரை பெருமையாக நினைவுகூர்கிறது.

சராந்திஸ் கல்லியோப்பியிடம் நெருங்கி, “கிழவர் செத்துருவாரு போலிருக்கே. நான் போய் வெளியில வரச் சொல்றேன். படம் போனா போகட்டும்” என்றார்.

கல்லியோப்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். “புதுத் துணி தச்சது இதுக்குத்தானா? சும்மா நில்லு.”

அவர் கையில் ஒரு கூடை இருந்தது, கூடை நிறைய வால்நட் மரத்து இலை. பெந்தெகொஸ்தே வழிபாட்டின் கடைசியில் மூன்று நீளமான ஜெபங்கள் உண்டு, அவற்றை முழங்காலிட்டுத்தான் கேட்க வேண்டும். ஈஸ்டரிலிருந்து எங்களோடு உலவிக்கொண்டிருந்த இறந்துபோனவர்கள் திரும்பிப் போகிற நேரம் அது. அவர்கள் போவதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர்களால் போக முடியாது. ஆகையால் ஆளுக்கு ஓர் இலையைக் கண்மேல் பொத்திக்கொண்டு குனிந்திருப்போம். கூடையோடு கல்லியோப்பி கை கழுவப் போவது போல நீரோரம் போய், தொப்பிகளைப் பார்க்காமல் கடலிடம் பேசினார்.

“அம்மா, இப்போ எல்லாரும் மண்டி போட்டுக் கண்ணை மூடுவாங்க. அந்த நேரத்துல போயிடுங்க.”

பச்சை ரிப்பன் தொப்பி சற்று உயர்ந்தது. “இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா?” பல் கிட்டித்துக்கொண்டு வந்தது குரல்.

“எங்க செத்தவங்க போற நேரம்மா. நீங்களும் அவங்களோட சேர்ந்து போங்க. யாரும் எண்ணமாட்டாங்க.”

பிறகு கல்லியோப்பி ஒவ்வொருவருக்கும் இலை கொடுத்தார். பெரிய இலையாகப் பொறுக்கிக் கொடுத்தார். மனூசோஸுக்கு இரண்டு கொடுத்தார்.

எல்லோரும் முழங்காலிட்டோம். இதற்குப் பின் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, என் கண்மேல் இலை இருந்தது. ஊரார் சொன்னதை வைத்தே எழுதுகிறேன். ஊரார் கண்மேலும் இலை இருந்தது. இருந்தும் எல்லோர் சொன்னதும் நுணுக்கமாக ஒத்துப்போகிறது. அவர்கள் நீரிலிருந்து ஒற்றை வரிசையில் ஏறினார்கள், உயரப்படி. கெர்லிண்டே முன்னால் வந்தார், நீதிமன்றத்துக்குள் நுழைவது போல. ஒவ்வொருவரும் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து, அதைவிட அவசியமான இடத்தில் பிடித்திருந்தார்கள். திருப்படத்தைக் கடக்கும்போது மரியாதைக்காகத் தலை குனிந்தார்கள். ஒருவர் மட்டும் பழக்கத்தில் தொப்பியையும் தூக்கிவிட்டார்.

இலை இல்லாதவர் ஒருவர் இருந்தார். ஜெபத்தை வாசிக்கிறவர் கண்ணை மூட முடியாது. அதோடு அவர் மக்களைப் பார்த்து மண்டியிட்டு வாசிக்க வேண்டும். மக்களுக்குப் பின்னால் கடல் இருக்கிறது.

ஆயரின் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. குடாவில் கூழாங்கல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் மறுபடி எழுந்தது, முன்னைவிடக் கனிவாக, முன்னைவிட மெதுவாக. மூன்றாம் ஜெபம் முடியும்போது பல் வைத்தியர் இன்னும் பாதி வழியில்தான் இருந்தார். வெறுங்காலுக்குக் கூழாங்கல் ஆகவில்லை. ஆயர் பக்கத்தைப் பின்னால் புரட்டி, மூன்றாம் ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பழைய கிரேக்கத்தில் இருக்கும் அந்த ஜெபம் நூற்றாண்டுகளாக எங்களுக்குப் புரிந்ததில்லை ஆகையால், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. முழங்கால்கள் மட்டும் இந்த ஆயர் பக்தி மிகுந்தவர் என்று உணர்ந்தன.

“ஆமென்” என்றபோது, சவுக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து வெயில்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். காலுறை உட்பட.

ஆட்டுக்கறிச் சோறு பரிமாறினார்கள். பல் வைத்தியருக்கு முதலில் ராக்கிச் சாராயமும் பிறகு சோறும் பிறகு மறுபடி ராக்கியும் கொடுக்கப்பட்டது. கெர்லிண்டே எழுந்து நின்று, தங்கள் பெந்தெகொஸ்தே போன வாரமே முடிந்துவிட்டதென்றும், பிழை முழுவதும் தன்னுடையதென்றும் அறிவித்தார்.

“போன வாரமா?” என்று மனூசோஸின் மனைவி வாயைப் பிளந்தார். “அப்போ பரிசுத்த ஆவி ரெண்டு தடவை இறங்கி வருதா?”

“முதல்ல அவங்க ஊருக்குப் போய்ட்டு, அப்புறம் இங்க வருது” என்றார் கல்லியோப்பி. “பஸ் மாதிரி.”

மாலை ஆனது. பாதிரியார் மனூசோஸுக்குக் கை காட்டினார். மனூசோஸின் படகு முன்னால் வந்து நின்றது. சராந்திஸ் தன் படகின் பின்பக்கம் போய்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றிய கயிற்றையே மறுபடி சுற்றினார். கல்லியோப்பி யாரும் சொல்லாமலே தூபக்கலசத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்டா இருக்கும் படகை நோக்கி நடந்தார்.

ஆயர் திருப்படத்தைத் தானே எடுத்துக்கொண்டு சராந்திஸின் படகில் ஏறி உட்கார்ந்தார்.

“ஆண்டவரே, படம் அந்தப் படகுல போகுது” என்றார் பாதிரியார்.

“ஏன்? வந்த படகுலதானே போகணும்? அதுதானே வழக்கம்?”

“இங்க இன்னைக்கு ஒரு... தகாத காரியம் நடந்துபோச்சு, ஆண்டவரே. ஜெபத்து நேரத்துல.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே.” ஆயர் வியந்தார். “நீங்க பார்த்தீங்களா, சாமி?”

பாதிரியார் குனிந்து தன் கையைப் பார்த்தார். அதில் இன்னும் வால்நட் இலை இருந்தது.

“மத்தவங்க யாராவது இலையை எடுத்துட்டுப் பார்த்தீங்களா?” ஆயர் கரையில் நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “பார்த்திருந்தா சொல்லுங்க. உங்க செத்தவங்க யாராவது போக முடியாம இங்கயே நின்னிருந்தா, அதுக்குத் தனி ஜெபம் இருக்கு. அது இதைவிட நீளம்.”

மனூசோஸ் மெதுவாகப் படகைப் பின்னால் தள்ளினார்.

“அப்போ எதுவும் நடக்கலை” என்றார் ஆயர். “அம்மா, தூபக்கலசத்தை எங்க வச்சீங்க? ஏறுங்க.”

கல்லியோப்பி ஏறினார். முனையில் நின்றார். சராந்திஸுக்கு இயந்திரத்தைக் கிளப்ப மூன்றுமுறை முயல வேண்டியிருந்தது. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை, கண்தான் சரியாகத் தெரியவில்லை.

பாதி வழியில், பாதிரியார் படத்துக்கு முன்னால் தலை சாய்ந்து தூங்கிய பிறகு, ஆயர் எழுந்து சுக்கான் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“கேப்டன், நான் தீவுல பிறந்தவன். சின்ன வயசுல நாளெல்லாம் கடல்லயே கிடப்பேன். ஆயரானதிலிருந்து கால்கூட நனைக்கலை. எந்தக் கரைக்குப் போனாலும் எவனாவது ஒருத்தன் ஓடி வந்து கையில முத்தம் குடுக்கறான்.”

சராந்திஸ் தொழிலின் முழுப் பொறுப்போடு தலையசைத்தார். “எவ்வளவு ஒதுக்குப்புறமா வேணும், ஆண்டவரே?”

ஆயர் தூங்குகிறவரைப் பார்த்தார். “இவருக்குத் தெரியாத அளவுக்கு.”

“செவ்வாய்க்கிழமை வடக்குக் காத்து நின்னுடும். உடுப்போடவா, ஆண்டவரே, இல்லை...?”

அலைச் சத்தத்தில் பதில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அது சராந்திஸுக்கும் ஆயருக்கும் இடையில் உள்ளது.

அன்று முதல் ஒவ்வொரு பெந்தெகொஸ்தேக்கும் திருப்படம் சராந்திஸின் படகில்தான் போகிறது. மனூசோஸும் தன் மீன் படகுக்கு நிழல்துணி கட்டியிருக்கிறார். எங்கள் சின்னச் சபையின் மீது ஆயர் வைத்திருக்கும் அக்கறையைப் பற்றிப் பாதிரியார் சகரியாஸ் பக்கத்து ஊர்களிலெல்லாம் பெருமையாகச் சொல்லி வருகிறார்: குளிர்காலத்தில் எட்டிப் பார்க்காதவர், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் ஆன்மாக்களை நினைத்து வாராவாரம் வந்துவிடுகிறாராம்.